பிடித்துப்போன 100 சி.சி. என்ஜினைத் திறந்து திருத்துவது எப்படி

திருகோணமலை மாவட்டத்தில் 100 சி.சி. மோட்டார் சைக்கிளைப் பொழுதுபோக்குக்காக வைத்திருப்பவர் குறைவு. மீன்பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு விடியற்காலையில் ஊர் ஊராகப் போகிறவருக்கும், தம்பலகாமத்து வயலுக்கு உரப்பை ஏற்றுகிறவருக்கும், கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் நகருக்கு வேலைக்கு வந்து போகிறவருக்கும் அது தொழிற்கருவியாகும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறியதோடு அவற்றின் வயதும் ஏறியது. ஆகவே என்ஜின் பழுதானால் வண்டியை விற்றுப் புதிது வாங்கலாம் என்ற யோசனை பலருக்குக் கைகூடுவதில்லை. உள்ளதைத் திருத்தத்தான் வேண்டும்.

இங்கே எழுதப்படுவது காற்றினால் குளிரும், ஒற்றைச் சிலிண்டர் கொண்ட, நான்கு ஸ்ட்ரோக் என்ஜின்களைப் பற்றியது. பஜாஜ் சி.டி. 100, ஹீரோ ஸ்ப்ளெண்டர், டி.வி.எஸ். ஸ்டார் சிட்டி முதலியவை இவ்வகையைச் சேர்ந்தவை. தரப்படும் அளவுகள் இவ்வகை என்ஜின்களுக்குப் பொதுவானவை. ஒவ்வொரு மாதிரிக்கும் அதன் சேவைக் கைந்நூலில் உள்ள அளவே முடிவானது. ஸ்பனர் பிடிக்கத் தெரிந்தவர் சிலிண்டரையும் ஹெட்டையும் (சிலிண்டரின் மேல் மூடியாக உட்காரும், வால்வுகள் உள்ள பகுதி) தாமாகவே கழற்றிப் பூட்ட முடியும். போர் அடிப்பதும் (சிலிண்டரின் உட்சுவரைச் சற்று அகலமாகக் கடைவது), கிராங்க் (பிஸ்டனின் ஏற்றஇறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) வேலையும் லேத்துக் கடைக்குரியவை. வேலை முழுவதையும் கராஜில் ஒப்படைக்கிறவருக்கும் இது பயன்படும். எதைக் கேட்பது, எதைக் காட்டச் சொல்வது என்று தெரிந்தால் பணம் வீணாகும் இடங்கள் குறையும்.

திறப்பதற்கு முன்

ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென இழுவை குறைந்து, பின்சக்கரம் கிறீச்சிட்டு நின்று, கிக்கர் அசையாமல் இருந்தால் பிஸ்டன் சிலிண்டருக்குள் பிடித்துவிட்டது என்று கொள்ளலாம். அந்நேரத்தில் கிக்கரின் மேல் ஏறி மிதிப்பதைப் போன்ற கெடுதல் வேறில்லை. அதனால் கிக்கரின் பல்சக்கரமும் உடையும், பிடித்த இடத்திலுள்ள கீறலும் ஆழமாகும். என்ஜின் முற்றாக ஆறிய பின் பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தினூடாக இரண்டு மேசைக்கரண்டியளவு என்ஜின் ஒயிலை ஊற்றி, ஓரிரவு அப்படியே விட வேண்டும். மறுநாள் மேல் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினால் பல வேளைகளில் பிஸ்டன் விடுபடும். விடுபட்டதும் உடனே ஸ்டார்ட் செய்து ஓடிப்பார்க்கலாம் என்ற ஆசை எழும். அதற்கு இடங்கொடுக்கக் கூடாது. ஒருமுறை பிடித்த பிஸ்டனின் உடம்பிலிருந்து அலுமினியம் உருகிச் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும். அது அடுத்த ஓட்டத்தில் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களான ரிங்குகளையும் தின்றுவிடும்.

என்ஜின் பிடிக்காமல், புகைத்தும் சத்தமிட்டும் ஓடுகிறதென்றால் திறக்காமலே பல விடயங்களை அறியலாம். அக்சிலரேட்டரை முறுக்கி ஏற்றும்போதெல்லாம் நீலப்புகை வந்தால் ரிங்குகளோ சிலிண்டரோ தேய்ந்துள்ளன. காலையில் முதன்முறை ஸ்டார்ட் செய்யும்போதும், சிக்னலில் நின்று புறப்படும்போதும் மட்டும் ஒரு கொத்துப் புகை வந்து மறைந்தால் வால்வு சீல் கெட்டுள்ளது. சீல் சிறிய செலவில் முடியும் வேலை. அதை ரிங் வேலை என்று எண்ணிச் சிலிண்டரை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கரும்புகை என்ஜினின் தேய்மானத்தைக் காட்டுவதில்லை. காபரேட்டரோ காற்று வடிகட்டியோ பார்க்கப்பட வேண்டியது.

கம்பிரஷன் மானி ஒன்றை இரவல் வாங்க முடிந்தால் அதுவே சிறந்த சாட்சி. பிளக் துவாரத்தில் மானியைப் பூட்டி, அக்சிலரேட்டரை முழுவதும் திறந்து வைத்து, ஊசி மேலே ஏறாமல் நிற்கும்வரை கிக்கரை மிதிக்க வேண்டும். இவ்வகை என்ஜின் நலமாயிருந்தால் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 140 முதல் 175 இறாத்தல் வரை காட்டும். 100க்குக் கீழே இருந்தால் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் நன்றாக ஏறினால் கசிவு ரிங்குகளின் பக்கம் உள்ளது. ஒயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் காஸ்கட்டையோ (ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் தகடு) சந்தேகிக்கலாம். அளப்பதற்கு முன் டெப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அமுக்கும் ரொக்கர் கைக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளி) சரிபார்த்துவிட வேண்டும். அந்த இடைவெளி இறுகி வால்வு முழுதாக மூடாமல் நின்றால் நல்ல சிலிண்டரும் கெட்டதாகத் தோன்றும்.

ஒயிலை வடிக்கும்போது அதை ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். மினுங்கும் துகள்கள் இருந்தால் ஒலிபெருக்கிக் காந்தம் ஒன்றைப் பொலித்தீனில் சுற்றி அதற்குள் விட்டுப் பார்க்கலாம். காந்தத்தில் ஒட்டாத வெள்ளித் துகள் பெரும்பாலும் பிஸ்டனிலிருந்து வந்தது. ஒட்டுபவை கியர், பெயாரிங், டைமிங் செயின் ஆகியவற்றிலிருந்து வந்த இரும்பு. இரும்புத் துகள் கூடுதலாக இருக்கும் என்ஜினுக்குச் சிலிண்டரை மட்டும் மாற்றிக் கொடுப்பது பணத்தைக் கடலில் எறிவதற்கு ஒப்பானது. வடித்த ஒயிலை வளவில் ஊற்றக் கூடாது; கரையோரத்து மணல் நிலத்தில் கிணற்று நீர் மிக அருகில் இருப்பதால் அது கிணற்றிலே போய்ச் சேரும். கலனில் அடைத்துக் கராஜில் கொடுத்துவிடலாம்.

ஏன் கெட்டது என்று தெரியாமல் பூட்டக் கூடாது

திருத்திய என்ஜின் சில மாதங்களில் மீண்டும் பிடித்தது என்று கேள்விப்படும் போதெல்லாம் போலிச் சாமான், லேத்துக்காரரின் பிழை என்று பேச்சு எழுகிறது. அவை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலான நேரங்களில் முதல் என்ஜினைக் கெடுத்த காரணமே இரண்டாம் முறையும் கெடுத்திருக்கும். புதிய பிஸ்டன் போடுவதால் அந்தக் காரணம் நீங்கிவிடாது.

நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் ஓடும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது காற்று வடிகட்டி. புல்மோட்டைக் கரைமணலில் இல்மனைட் உண்டு. எந்த மணலாயினும் சிலிண்டர் சுவருக்கும் ரிங்குக்கும் இடையில் போனால் அரத்தூளாக வேலை செய்யும். வடிகட்டி கிழிந்திருக்கிறதா, அதன் பெட்டி மூடி சரியாக உட்காருகிறதா, பெட்டியிலிருந்து காபரேட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாயில் வெடிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். குழாயின் உட்புறத்தில் விரலை விட்டுத் தடவினால் மணல் தட்டுப்பட்டால் சிலிண்டர் தேய்ந்ததன் காரணம் கையிலேயே கிடைத்துவிட்டது. காபரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள ரப்பரில் வெடிப்பு இருந்தால் கெடுதல் வேறுவிதமானது: அங்கே புகும் காற்று பெற்றோல் கலவையை மெலிதாக்கும்; மெலிந்த கலவை கூடுதலாகச் சுடும்; சூட்டில் பிஸ்டன் விரிந்து பிடிக்கும்.

அடுத்தது ஒயில். இவ்வகை என்ஜின்களுக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் ஒயில்தான் போகிறது. தேய்ந்த என்ஜின் அதில் கால்பங்கைச் சில வாரங்களில் எரித்துவிடும். 3,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுகிறேன் என்று சொல்கிறவர் இடையில் அளவுக்கோலை எடுத்துப் பார்க்காவிட்டால், மாற்றும் நாள் வருவதற்குள் பம்பிக்கு உறிஞ்ச ஒயில் இருக்காது. ஒயில் போதுமானதாயிருந்தும் என்ஜின் பிடித்திருந்தால் அது மேலே போகும் பாதையைப் பார்க்க வேண்டும். அடியிலுள்ள வலை அடைபட்டிருக்கலாம். ஸ்ப்ளெண்டர் போன்றவற்றில் கிராங்கின் வலது முனையில் சுழலும் ஒயில் வடிகலம் ஒன்று உண்டு. பல வருடம் திறக்கப்படாத வடிகலத்துக்குள் கறுத்த சேறு கட்டியாக இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. அது மனிதர் செய்வது. காஸ்கட்டுக்கு மேல் சிலிக்கன் பசையைத் தாராளமாகப் பூசிப் பூட்டினால், உள்ளே பிதுங்கிய பசை பிய்ந்து போய் ஹெட்டுக்கு ஏறும் ஒயில் துவாரத்தை அடைக்கும். நல்ல காஸ்கட்டுக்குப் பசை தேவையில்லை. ஏற்கெனவே ஒருமுறை திறக்கப்பட்ட என்ஜினில் ஒயில் துவாரங்கள் ஒவ்வொன்றையும் ஊதிப்பார்க்காமல் பூட்டுவது துணிச்சலான காரியம்.

காற்றினால் குளிரும் என்ஜினுக்குச் சிலிண்டரைச் சுற்றியுள்ள இதழ்களே குளிர்விப்பான். வயற்சேறும் ஒயிலும் சேர்ந்து அந்த இதழ்களை அடைத்துக் காய்ந்திருந்தால், சுமையோடு ஹபரணை வீதியில் நண்பகலில் ஓடும்போது என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

செலவைத் தீர்மானித்தல்

வேலையை மூன்று நிலைகளாகப் பிரித்துப் பார்த்தால் கணக்கு தெளிவாகும். ரிங், வால்வு சீல், காஸ்கட் தொகுதி ஆகியவற்றை மட்டும் மாற்றுவது மிகக் குறைந்த செலவு. சிலிண்டர் அளவுக்குள் இருந்தால் மட்டும் அது பயன்தரும். அடுத்தது போர் அடித்து ஓவர் சைஸ் (அளவில் சற்றுப் பெரிய) பிஸ்டன் போடுவது, அல்லது பிஸ்டனோடு வரும் புதிய சிலிண்டர் பிளாக் தொகுதியைப் பூட்டுவது. மூன்றாவது என்ஜினை இறக்கி, இரண்டாகப் பிளந்து, கிராங்க் வேலை செய்வது. முதல் இரண்டு நிலைகளில் நிற்கும் வண்டியைத் திருத்துவது ஏறக்குறைய எப்போதும் தகும். மூன்றாவது நிலைக்குப் போகும்போது வண்டியின் சட்டம் (பிரேம்), முன்போர்க், வயரிங், ஆவணங்கள் ஆகியவை எந்த நிலையில் உள்ளன என்று பார்த்துவிட்டே பணத்தை இறக்க வேண்டும். உப்புக்காற்றில் சட்டத்தின் அடிப்பகுதி உக்கிப்போன வண்டிக்கு முழு என்ஜின் வேலை செய்வது என் எண்ணத்தில் தகாது.

போர் அடிப்பதா, புதிய பிளாக் வாங்குவதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கம்பனிச் சிலிண்டரின் வார்ப்பு பொதுவாகத் தரமானது. கைதேர்ந்த லேத்துக்காரர் கிடைத்தால் அதைப் போர் அடிப்பதே சிறந்தது என்பேன். அளக்கும் கருவியே இல்லாத இடத்தில் போர் அடிப்பிப்பதைவிட நல்ல பெயருள்ள பிளாக் தொகுதி பாதுகாப்பானது. புதிய மாதிரிகள் சிலவற்றின் சிலிண்டர் உட்சுவரில் இரும்பு இருக்காது. கடினமான பூச்சு மட்டுமே இருக்கும். அவற்றைப் போர் அடிக்க இயலாது. பிளாக்கைத்தான் மாற்ற வேண்டும்.

கழற்றுதல்

கழற்றுவதற்கு முன் என்ஜினின் வெளிப்புறத்தை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவி உலர்த்த வேண்டும். பற்றரியின் எதிர்முனையைக் கழற்றி, பெற்றோல் தாங்கியை இறக்கித் தூரமாக வைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியால் படம் எடுத்துக்கொள்வது பூட்டும்போது உதவும். ஒவ்வொரு மூடியின் போல்ட்டுகளையும் வெவ்வேறு கிண்ணத்தில் இட்டுவைத்தால் நீளம் மாறிப்போகாது.

கடற்கரை வண்டிகளில் முதல் தொல்லை சைலன்சர் குழாயை ஹெட்டோடு பிடிக்கும் இரண்டு நட்டுகள். துருப்பிடித்த அவற்றை நேரடியாக ஸ்பனரால் முறுக்கினால் ஹெட்டில் ஏறியிருக்கும் புரிக்கம்பி (ஸ்டட்) முறியும். முந்தைய நாளே துரு நீக்கும் ஒயிலை விட்டு ஊறவைத்து, நட்டைச் சிறிது சூடாக்கி, முன்னும் பின்னுமாகக் கொஞ்சங் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். பெற்றோல் தாங்கியும் காபரேட்டரும் அகற்றப்படுவதற்கு முன் தீயைக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. கம்பி முறிந்துவிட்டால் துளையிட்டு எடுக்க முயலாமல், எஞ்சிய முனையில் ஒரு நட்டை வெல்டிங் செய்து திருப்பி எடுக்கச் சொல்வது மேலானது.

இனி டெப்பெட் மூடிகளையும் மெக்னெட் (கிராங்கின் முனையிலுள்ள காந்தச் சக்கரம்) பக்கத்து மூடியையும் கழற்றி, என்ஜின் ஓடும் திசையிலேயே மெக்னெட்டைத் திருப்பி, அதிலுள்ள ‘டி’ கோட்டை உறையிலுள்ள குறிக்கு நேராக நிறுத்த வேண்டும். அந்நிலையில் இரண்டு ரொக்கர்களும் தளர்வாக ஆடினால் பிஸ்டன் கம்பிரஷன் முடிவில் மேலே நிற்கிறது. ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்றுத் திருப்ப வேண்டும். கேமின் (வால்வுகளைத் திறக்கும் மேடுகளுள்ள தண்டு) பல்சக்கரத்தின் குறி ஹெட்டிலுள்ள குறியோடு எப்படிப் பொருந்தி நிற்கிறது என்பதைப் படமெடுத்த பின், டைமிங் செயினை (கிராங்கிலிருந்து கேமைச் சுழற்றுவது) இறுக்கி வைக்கும் டென்ஷனரைத் தளர்த்தி, பல்சக்கரத்தை எடுத்து, செயின் உள்ளே விழாதபடி ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். ஹெட் நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, ஒவ்வொன்றையும் கால்சுற்று வீதம், பல தடவைகளில் தளர்த்த வேண்டும். ஹெட் ஒட்டிக்கொண்டிருந்தால் ரப்பர்ச் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டலாம். ஸ்குரூ டிரைவரை இடுக்கில் செருகி நெம்பினால் அலுமினியத்தின் முகம் காயப்பட்டு, பின்னர் எந்தக் காஸ்கட்டும் அங்கே நிற்காது.

சிலிண்டரைத் தூக்கியதும், அடியிலுள்ள திறந்த வாயைச் சுத்தமான துணியால் அடைத்த பிறகே பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் வளையக் கிளிப்பில் கை வைக்க வேண்டும். துள்ளி விழும் அந்தச் சிறு கிளிப் கிராங்குக்குள் போய்விட்டால் அரைநாள் வேலை முழு என்ஜின் வேலையாகிவிடும். பிஸ்டனை எடுக்கும் முன் அதன் தலையிலுள்ள அம்புக்குறியோ எழுத்தோ எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

கழற்றிய பிஸ்டனைக் கழுவாமல் முதலில் நன்றாகப் பார்க்க வேண்டும். நடந்ததை அதுவே சொல்லும். சுற்றிலும் நாலைந்து இடங்களில் பிடித்த தடம் இருந்தால் அளவுக்கு மிஞ்சிய சூடு காரணம். முன்னும் பின்னுமான இரண்டு பக்கங்களும் தேங்காய்த் துருவலையில் உரசியது போல நெடுக்காகக் கீறியிருந்தால் ஒயில் போதவில்லை, அல்லது மணல் போயிருக்கிறது. தலையின் ஓரம் அரித்தோ நடுவில் துளை விழுந்தோ இருந்தால் மெலிந்த கலவை, பொருந்தாத பிளக், மண்ணெண்ணெய் கலந்த பெற்றோல் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். ரிங்குகள் காடிக்குள் கரிபிடித்து அசையாமல் இருந்தால், சிலிண்டர் நலமாயிருந்தும் கம்பிரஷன் போயிருக்கலாம். அப்படியானால் செலவு குறைவு.

அளவும் போரும்

நகத்தைச் சிலிண்டர் சுவரில் குறுக்காக ஓடவிட்டால் தட்டும் கீறலுள்ள சிலிண்டருக்குப் போர் தேவை. கண்ணுக்கு நன்றாகத் தெரிவதையும் அளக்கத்தான் வேண்டும். மேல், நடு, கீழ் ஆகிய மூன்று உயரங்களிலும், ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கொன்று குறுக்கான இரண்டு திசைகளிலும் போர் மானியால் அளந்து, தொடக்க அளவிலிருந்து 0.10 மில்லிமீற்றருக்கு மேல் தேய்ந்திருந்தால் ரிங் மட்டும் மாற்றுவதில் பயனில்லை. மானி கிடைக்காதபோது பழைய முறை ஒன்று உண்டு. புதிய ரிங்கைச் சிலிண்டருக்குள் இட்டு, பிஸ்டன் தலையால் தள்ளிச் சமமாக உட்காரவைத்து, அதன் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய தகடுகளாலான இடைவெளி மானி) அளக்கலாம். 50 மில்லிமீற்றர் அளவான போருக்கு 0.15 முதல் 0.30 வரை இருந்தால் நன்று, 0.5ஐத் தாண்டினால் சிலிண்டர் அகன்றுவிட்டது. மேலேயும் கீழேயும் அளந்து ஒப்பிட்டால் சிலிண்டர் எங்கே அதிகம் தேய்ந்தது என்பதும் தெரியவரும்.

ஓவர் சைஸ் பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என்ற படிகளில் வரும். எல்லா மாதிரிக்கும் எல்லாப் படியும் கடையில் கிடைப்பதில்லை. ஆகவே பிஸ்டனை முதலில் வாங்கி, அதையும் சிலிண்டரையும் சேர்த்தே லேத்துக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். “50க்கு (அதாவது 0.50 படிக்கு) அடித்துத் தாருங்கள்” என்று சொல்லிச் சிலிண்டரை மட்டும் விட்டுவிட்டு வருவது தவறான வழக்கம். பெட்டியில் ஒரே எண் எழுதப்பட்ட இரண்டு பிஸ்டன்கள்கூட ஓரிரு நூற்றிலொரு மில்லிமீற்றர் வேறுபடும். அந்த வேறுபாடுதான் பிடிப்பதற்கும் ஓடுவதற்கும் இடையிலுள்ள எல்லை. பிஸ்டனின் அடிப்பாகத்தில், பின்னுக்குக் குறுக்கான திசையில் அளந்து, அதைவிட 0.03 முதல் 0.04 மில்லிமீற்றர் வரை கூடுதலாகச் சிலிண்டரை முடிக்கச் சொல்ல வேண்டும். பிஸ்டனோடு வரும் தாளில் வேறு அளவு கூறப்பட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். உள்ளூரில் அளந்து கொடுக்கும் கடை கிடைக்காவிட்டால் அநுராதபுரத்துக்கோ மட்டக்களப்புக்கோ பஸ்ஸில் அனுப்பியாவது சரியான இடத்தில் அடிப்பது நல்லது. சிலிண்டர் பாரமானதன்று.

பெரிய பிஸ்டன் போட்டால் இழுவை கூடும் என்று எண்ணுகிறவர்களுக்காக ஒரு கணக்கு: சி.டி. 100இன் போர் 53 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் 45 மில்லிமீற்றர், கொள்ளளவு 99.27 சி.சி. ஒரு மில்லிமீற்றர் ஓவர் சைஸ் போட்டாலும் அது 103 சி.சி. அளவில்தான் நிற்கும். அந்த வேறுபாட்டை ஓட்டுகிறவர் உணரமாட்டார். சுவரின் தடிப்பு மட்டும் குறையும். எனவே கீறல் போகும் மிகச்சிறிய படியையே தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்த முறைக்கும் இடம் இருக்க வேண்டும் அல்லவா?

போர் அடித்த பின் ஹோன் செய்து (தேய்கல்லால் மெல்லத் தேய்த்து), சுவரில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் விழுந்திருக்க வேண்டும்; ஒயில் தங்குவதும் புதிய ரிங் படிவதும் அக்கோடுகளால்தான். கடையிலிருந்து வந்த சிலிண்டரைப் பெற்றோலால் துடைத்துப் பூட்டுவது போதாது. பெற்றோல் ஒயிலைக் கரைக்கும். ஹோன் கல்லின் துகள்களைக் கோடுகளிலிருந்து வெளியே எடுக்காது. சுடுநீரும் சவர்க்காரமும் தூரிகையும் கொண்டு தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைக்கும்போது துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவ வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு சவர்க்காரக் கட்டி. கழுவி உலர்ந்த கணமே சுவர் முழுவதும் ஒயில் பூசிவிட வேண்டும். நம் கடற்காற்றில் வெறும் இரும்பு சிறிது நேரத்திலேயே செந்துரு காட்டத் தொடங்கும்.

ஹெட்

ஹெட்டைக் கவிழ்த்து, எரியறையில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் வைத்தால் எந்த வால்வு கசிகிறது என்பது தெரியும். கசியும் வால்வைக் கிரைண்டிங் பேஸ்ட் கொண்டு, உறிஞ்சு கோலால் முன்னும் பின்னுமாகத் திருப்பித் தேய்த்தால், இருக்கையிலும் வால்விலும் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அகலத்தில் சாம்பல் நிற வளையம் முழுமையாக விழும். வளையம் இரண்டு மில்லிமீற்றர் வரை அகன்றிருந்தால் இருக்கையை வெட்டுவிக்க வேண்டும். வால்வின் தண்டு, அது ஏறி இறங்கும் குழாயான கைடுக்குள் பக்கவாட்டில் ஆடினால் கைடும் வால்வும் மாற்றப்பட வேண்டியவை. சீல்கள் இரண்டையும், அவை நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், மாற்றிவிடலாம். கேமின் முகமும் ரொக்கரின் முகமும் குழிவிழுந்திருந்தால் அவ்விரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றைப் புதிதாகவும் மற்றதைப் பழையதாகவும் போட்டால் பழையது புதியதைத் தின்னும். ஹெட்டின் முகம் 0.05 மில்லிமீற்றருக்கு மேல் கோணியிருந்தால், தடித்த கண்ணாடித் தகட்டில் 400 இலக்க எமரித் தாளை விரித்து, ஒயில் விட்டு, எட்டுவடிவில் தேய்த்துச் சமப்படுத்தலாம்.

அடிப்பகுதியைத் தொட வேண்டுமா?

சிலிண்டர் இல்லாத நிலையில் கொன்ரொட்டை (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கோல்) இரண்டு கைகளாலும் பிடித்து மேலும் கீழும் இழுத்துத் தள்ளிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் சிறிது நகர்வது இயல்பு. மேல்கீழாகத் தட்டும் உணர்வு துளியளவு இருந்தாலும் பெரிய முனைப் பெயாரிங் போய்விட்டது. அதன் மேல் புதிய பிஸ்டனைப் பூட்டினால் சில நூறு கிலோமீற்றருக்குள் மீண்டும் திறக்க நேரும். மெக்னெட்டைப் பிடித்து ஆட்டும்போது கிராங்க் மேல்கீழாக அசைந்தால் பக்கப் பெயாரிங்குகளும் கெட்டவை. கொன்ரொட் தொகுதியை அழுத்திப் பூட்டுவதும் கிராங்கை மையப்படுத்துவதும் அழுத்துபொறியும் டயல் மானியும் உள்ள கடையின் வேலை. சுத்தியலால் அடித்து நேராக்குகிறவரிடம் கொடுக்கக் கூடாது.

சிலர் செலவை மிச்சப்படுத்தப் பழைய என்ஜின் ஒன்றை வாங்கி முழுதாக மாற்றுவதுண்டு. என்ஜின் இலக்கம் கீழுறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. வாகனப் பதிவுச் சான்றிதழிலும் அதே இலக்கம் இருக்கிறது. இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிய வேண்டும். விற்றவரின் பற்றுச்சீட்டும் அந்த என்ஜின் வந்த வண்டியின் விவரமும் இல்லாமல் வாங்கினால் வீதிச் சோதனையிலும் விற்பனையிலும் இடர்ப்பட நேரிடும்.

பூட்டுதல்

சுத்தமான மேசை, சுத்தமான கை, காற்றில் மணல் பறக்காத இடம் ஆகிய மூன்றும் இன்றிப் பூட்டத் தொடங்கக் கூடாது. கச்சான் காற்றுக் காலத்தில் திறந்த முற்றத்தில் செய்யத் தகுந்த வேலை இதுவன்று.

ரிங்குகளில் எழுத்துள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். மேல் ரிங்கும் இரண்டாவது ரிங்கும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வெவ்வேறானவை. அவற்றின் வாய்கள் ஒன்றுக்கொன்று 120 பாகை விலகி நிற்க வேண்டும். எந்த வாயும் பிஸ்டன் பின்னுக்கு நேரே வரக் கூடாது. பின்னுக்கும் அதன் துவாரத்துக்கும் ஒயில் விட்டு, குறி முன்பிருந்த பக்கமே பார்க்கப் பிஸ்டனைப் பூட்டி, புதிய கிளிப்புகளைப் போட வேண்டும்; பழைய கிளிப்பை மீண்டும் பாவிக்கக் கூடாது. அடி காஸ்கட், மையப் பின்கள், ஒயில் பாதையின் ஓ-ரிங் ஆகியவை இடத்தில் உள்ளனவா என்று இருமுறை பார்த்த பின், ரிங்குகளை விரல்களால் ஒவ்வொன்றாக அமுக்கியபடி சிலிண்டரை இறக்க வேண்டும். எங்காவது தடைப்பட்டால் தட்டி இறக்காமல் மீண்டும் தூக்கிப் பார்ப்பதே முறை. ஒரு ரிங் முறிந்தால் சிலிண்டரும் போகும்.

ஹெட் நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக மூன்று கட்டங்களில் இறுக்க வேண்டும். 8 மில்லிமீற்றர்க் கம்பிகளுக்குப் பெரும்பாலும் 20 நியூட்டன் மீற்றர் அளவு வரும். இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச் இல்லாமல் கைப்பலத்தை நம்பி இறுக்கும்போதுதான் அலுமினியத்துக்குள் இருக்கும் புரி பிடுங்குப்படுகிறது. மெக்னெட்டின் ‘டி’ கோட்டையும் கேம் பல்சக்கரத்தின் குறியையும் ஒருசேரப் பொருத்தி, டென்ஷனரைப் பூட்டிய பின், பிளக் இல்லாமலே மெக்னெட்டைக் கையால் இரண்டு முழுச் சுற்றுத் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்காவது உலோகத்தில் உலோகம் முட்டி நின்றால் டைமிங் ஒரு பல் தவறியிருக்கிறது. அதைக் கையால் அறிந்தால் திருத்திக்கொள்ளலாம். கிக்கரால் அறிந்தால் வால்வு வளைந்திருக்கும். டெப்பெட் இடைவெளியை என்ஜின் குளிர்ந்த நிலையில், மாதிரிக்கேற்ப 0.05 முதல் 0.10 மில்லிமீற்றருக்குள் அமைக்க வேண்டும்.

ஒயில் விடயத்தில் ஒரு குறிப்பு. இவ்வகை வண்டிகளில் கிளச் தட்டுகளும் அதே ஒயிலில்தான் மூழ்கியிருக்கின்றன. ஆகவே கலனில் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. என்ற தரக்குறி உள்ள மோட்டார் சைக்கிள் ஒயிலையே, வண்டியின் கைந்நூல் சொல்லும் தடிப்பில் ஊற்ற வேண்டும். மலிவு என்று காருக்குரிய ஒயிலை விட்டால் கிளச் வழுக்கலாம்.

முதல் ஓட்டம்

ஸ்டார்ட் செய்யுமுன் பிளக்கைக் கழற்றி வைத்து, டெப்பெட் மூடியைத் திறந்தபடி கிக்கரைத் திரும்பத் திரும்ப மிதித்து, ரொக்கர் பகுதிக்கு ஒயில் ஏறி வருவதைக் கண்ணால் காண வேண்டும். வராவிட்டால் எங்கோ பாதை அடைபட்டிருக்கிறது அல்லது ஓ-ரிங் விடுபட்டிருக்கிறது. அந்நிலையில் ஸ்டார்ட் செய்தால் செய்த வேலை முழுவதும் வீணாகும். ஒயில் வந்த பின் பூட்டி, ஸ்டார்ட் செய்து, ஓரிரு நிமிடம் மெல்ல ஓடவிட்டு நிறுத்தி, கசிவு உண்டா என்று பார்த்து, முற்றாக ஆறவிட வேண்டும். பூட்டும்போது பூசிய ஒயில் எரிவதால் முதலில் சிறிது புகை வரும், அது கவலைக்குரியதன்று.

முதல் 500 கிலோமீற்றருக்குப் பின்னிருக்கையில் ஆளையும் பாரத்தையும் ஏற்றாமல், மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேற்போகாமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் பிடிக்காமல் ஓட வேண்டும். ரிங் படிவதற்கு வேகம் ஏறி இறங்க வேண்டும். எனவே நகரிலிருந்து உப்புவெளி, நிலாவெளி வரை போய் ஆறவிட்டுத் திரும்புவது இதற்கு ஏற்ற ஓட்டம். கோணேசர் கோயில் ஏற்றத்தில் இரண்டு பேரை வைத்து மேல் கியரில் இழுப்பதும், முதல் வாரமே கந்தளாய் வரை நிற்காமல் ஓடுவதும் இக்காலத்துக்குரியவை அல்ல. முதல் ஒயிலை 100 கிலோமீற்றர் அளவிலேயே வடித்துவிட வேண்டும். அதில் சிறிதளவு மினுக்கம் காணப்படுவது இயல்பு. 500இல் மீண்டும் மாற்றி, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஹெட் நட்டுகளின் இறுக்கத்தையும் டெப்பெட் இடைவெளியையும் சரிபார்த்து, காற்று வடிகட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். ஸ்பஞ்சாலானது என்றால் மண்ணெண்ணெயில் கழுவி, பிழிந்து, உலர்த்தி, சிறிது ஒயில் தடவிப் போடலாம். தாளாலானதை மாற்றத்தான் வேண்டும்.

1,000 கிலோமீற்றர் கடந்தும் முறுக்கும்போது நீலப்புகை நிற்கவில்லையென்றால் கம்பிரஷனை மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் நல்லபடி இருந்தால் ஒயில் வளையத்தின் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பூட்டப்பட்டிருக்கலாம், அல்லது வால்வு சீல் ஒன்று இருக்கையில் உட்காராமல் நழுவியிருக்கலாம். முதலில் சீலைப் பார்ப்பதே இலகு. அழுத்தம் குறைந்திருந்தால் சிலிண்டரைக் கழற்றி, போர் அடித்த அளவு எழுதப்பட்ட சீட்டையும் எடுத்துக்கொண்டு, அடித்த கடைக்கே கொண்டுபோய் அவர்கள் முன்னிலையில் அளப்பிக்க வேண்டும்.